பாயின்ட் திறக்கும் நொடி

ஞாயிறு காலை கிழக்குத் தாம்பரத்து வேப்பமர நிழலில், பழைய புல்லட் பக்கத்தில் ஒருவர் குந்தியிருந்தால் நான் நின்றுவிடுவேன். ராத்திரி மழையின் ஈரம்; திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் பிறந்த அந்த வண்டி கிளம்பவில்லை. வட்ட மூடியைக் கழற்றுகிறார். உள்ளே மிளகளவில் இரண்டு உலோகப் பொட்டுகள், கருத்துப்போய். இவைதான் பாயின்ட். மடித்த எமரித் தாளை நடுவே நுழைத்து மெல்ல இழுக்கிறார். கோலமாவு விரலிடுக்கில் இறங்குவதுபோல அத்தனை சன்னமான சத்தம். பெட்ரோல் துணியால் துடைத்து, கேஜ் தகட்டை விடுகிறார். இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். தகடு லேசாகப் பிடித்துக்கொண்டே நகர வேண்டும். அந்தப் பிடி விரலுக்கு மட்டும்தான் தெரியும்.

பிறகு சாவி. கிக்கரைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாக அமுக்க, அம்மீட்டர் முள் மைனஸ் பக்கம் சாய்ந்து, சட்டென்று நடுவுக்குத் திரும்புகிறது. பாயின்ட் திறந்துவிட்டது, பொறி பறப்பதும் அந்த நொடியில்தான். கண்ணுக்குத் தெரியாத ஒன்றை ஒரு சின்ன முள் இப்படிக் காட்டிக்கொடுப்பது எத்தனை அழகு! மூடியைப் பொருத்தி, எழுந்து, ஒரே உதை. டுப்... டுப்... டுப். நிதானமான சத்தம். அவசரப்படுகிற கைக்கு இந்த வேலை படியவே படியாது.