ஒன்பது கட்டங்களும் ஓர் எருமையும்

இந்தக் கட்டுரைக்கு நான் எடுத்துக்கொண்டிருக்கும் பிரதி அச்சில் வந்ததல்ல. அது ஒரு போர்வையின் மேல்துணி. ஒன்பது கட்டங்கள்; ஒவ்வொன்றிலும் கையால் பூவேலை செய்த ஒரு விலங்கு அல்லது பறவை. போட்டவர் என் சித்தி. எழுபதுகளின் நடுவில், கல்யாணத்துக்கு முந்தைய மூன்று வருடங்களில், கடலூர் மஞ்சக்குப்பத்தில் தாத்தா வீட்டில் உட்கார்ந்து போட்டவை. அவற்றை இணைத்துத் தைத்தது நான், சிதம்பரத்தில், ஒரு செமஸ்டர் விடுமுறையில். ஆகவே இதில் விமர்சகரும் பதிப்பாசிரியரும் ஒருவரே. அந்த வசதியைச் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும்.

நம்மில் பலர் வளர்ந்த வீடுகளின் முன்னறையை நினைத்துப்பாருங்கள். கண்ணாடிச் சட்டத்துக்குள் கிளி, மான், அன்னம். பெண் பார்க்க வந்தவர்களிடம் “எல்லாம் பொண்ணு போட்டதுதான்” என்று காட்டுவார்கள். பஜ்ஜிக்கும் சொஜ்ஜிக்கும் முன்னால் நீட்டப்படும் சான்றிதழ் அது. குனிந்த தலை, அசையாத உடம்பு, மணிக்கணக்கான பொறுமை எல்லாவற்றுக்கும் அத்தாட்சி. பெண் புகுந்த வீட்டுக்குப் போய்விடுவாள். கிளி பிறந்த வீட்டுச் சுவரிலேயே இருக்கும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான்.

ரோசிகா பார்க்கர் 1984இல் வெளியிட்ட ‘தி சப்வெர்சிவ் ஸ்டிட்ச்’ நூலில், பூத்தையல் பெண்ணைப் ‘பெண்மை’க்குப் பழக்கிய கருவி, அதே ஊசி அந்தப் பெண்மையை எதிர்க்கவும் பயன்பட்டிருக்கிறது என்று வாதிட்டார். நாம் இரண்டாவது பாதியை மட்டும் அவசரமாகப் பிடித்துக்கொள்கிறோம். என் வகுப்பில் எந்தக் கைவேலையைக் காட்டினாலும் இரண்டே நிமிடத்தில் யாராவது அதில் எதிர்ப்பைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அப்படிப் பார்க்கக் கற்றுக்கொடுத்ததே நான்தான்.

தமிழில் இதற்கு நெடிய பின்னணி உண்டு. பஞ்சிலிருந்து வரும் நூலுக்கும், படிக்கிற நூலுக்கும் பனுவல் என்ற ஒரே சொல். நன்னூலின் பாயிரம் புலவனை நூல் நூற்கும் பெண்ணோடு ஒப்பிடுகிறது: அவள் கை இவன் வாய், அவள் கதிர் இவன் அறிவு. உவமைக்கு அவளைக் கூப்பிட்டார்கள், புலமைக்குக் கூப்பிடவில்லை. பொருநராற்றுப்படையில் கரிகாலனைக் காண வரும் பொருநன் உடுத்தியிருப்பது வேறு வேறு நூல் நுழைத்துத் தைத்த கந்தல். அரசன் அதைக் களைந்து பாம்பின் சட்டை போன்ற மெல்லிய துணி கொடுக்கிறான். வகுப்பில் எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன், கொடைக்குச் சான்றாக. அந்த ஒட்டுகளைப் போட்ட கை யாருடையது என்று ஒருமுறைகூட நான் கேட்டதில்லை. நமக்குக் கந்தை என்றால் வறுமை. அதே சொல்லின் உறவான காந்தா வங்காளத்தில் பழம்புடவைகளை அடுக்கிப் பெண்கள் தைக்கும் சித்திரப் போர்வைக்குப் பெயர்.

2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் கரையைக் கடந்தபோது தாத்தா வீட்டு ஓடுகள் பறந்தன. சட்டங்கள் விழுந்து நொறுங்கின. கண்ணாடித் தூளை உதறி எடுத்ததில் எட்டுத் துணிகள் தேறின, பழுப்புக் கறையோடு. ஒன்பதாவது பாட்டியின் டிரங்குப் பெட்டியின் அடியில் கிடந்தது. சட்டமே போடப்படாத துணி, அதனால் கறையும் இல்லை. அதில் ஓர் எருமை.

துணிகளை இணைப்பதும் ஒரு வாசிப்புத்தான். மேட்டித் துணி இழை தளர்ந்தது. வெட்டியவுடன் ஓரம் பிரியும். முதலில் ஓரங்களைச் சுற்றித் தைத்தேன். சாயம் இறங்குமா என்று ஈர வெள்ளைத் துணியால் ஒற்றிப் பார்த்ததில் கிளியின் சிவப்பு மூக்கு இறங்கியது. அதைத் தனியாக, பச்சைத் தண்ணீரில் அலசி எடுக்க வேண்டியிருந்தது. தையல் நசுங்காமலிருக்க, துண்டு விரித்துப் பின்பக்கமாக இஸ்திரி. எட்டும் சட்டக்காரர் வெட்டிய அளவுகள், ஒன்றுகூட இன்னொன்றோடு பொருந்தாது. சிறியவற்றுக்கு நான்கு பக்கமும் பட்டை கொடுத்து ஒரே அளவாக்கினேன். கால் அங்குலம் தையலுக்குள் போகும் என்பதால், மானின் கொம்பா, அதன் மேலிருந்த பூவா என்று ஒரு மாலை முழுக்க யோசித்தேன். கொம்பு பிழைத்தது. பூ இப்போது தையலுக்குள் இருக்கிறது.

மற்ற எட்டும் புத்தகத்து மாதிரிகள், கார்பன் தாள் வைத்து எடுத்தவை. மானும் முயலும் அழகானவை, ஆனால் எந்த ஊரிலும் யாரும் போட்டிருக்கக்கூடியவை. எருமைக்கு மட்டும் கார்பன் கோடு இல்லை. உடம்பு கொஞ்சம் நீளம், கொம்புகள் இரண்டு விதம், மூன்று கால்கள்தான். ஆனால் கழுத்தைத் திருப்பி நம்மைப் பார்க்கிற பார்வை அந்த எட்டில் எதற்கும் இல்லை. எனக்குக் கட்டுரை கிடைத்துவிட்டது. மாதிரியை மறுத்த ஒரே படைப்பு, சட்டத்துக்குள் அடைபடாதது, வேண்டுமென்றே முடிக்கப்படாதது.

சித்தியிடம் கேட்டேன். “கறுப்பு நூல் மீந்துபோச்சுடி. பூவுக்கு யாரு கறுப்பு போடுவா? எதிர்வீட்டு எருமை நின்னுக்கிட்டிருந்துது, போட்டேன்.”

கால்?

“அதுக்குள்ள நாள் குறிச்சிட்டாங்க.”

ஜார்ஜியாவில் அடிமையாகப் பிறந்த ஹாரியட் பவர்ஸ், 1886இல் ஏதென்ஸ் நகரத்துச் சந்தையில் தன் ஒட்டுப் போர்வையைக் காட்சிக்கு வைத்தார். ஜென்னி ஸ்மித் என்ற வெள்ளைக்கார ஓவிய ஆசிரியை விலைக்குக் கேட்டபோது தர மறுத்தார். சில வருடங்கள் கழித்துப் பணமுடையில் பத்து டாலர் கேட்டு, ஐந்துக்குக் கொடுக்க நேர்ந்தது. பிறகு பலமுறை அந்த வீட்டுக்குப் போய்ப் போர்வையைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். அவருடைய இரண்டாவது போர்வை இப்போது பாஸ்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வேதாகமக் காட்சிகளுக்கு நடுவே, ஐந்நூறு மைல் ஓடிப்போன ஒரு பன்றிக்கும் அதில் இடமுண்டு. முதல் போர்வையின் கட்டங்களுக்கு அவர் சொன்ன விளக்கம் ஸ்மித் எழுதிவைத்த குறிப்பு வழியாகத்தான் நமக்குக் கிடைக்கிறது. வாங்கியவரின் பேனா அது. சித்தியின் வாயால் சொன்னதை நான் இங்கே எழுதும்போது என் பேனாவும் அதிலிருந்து வெகுதூரத்தில் இல்லை.

நாள் குறித்ததால் நின்ற காலை எதிர்ப்பு என்று சொல்ல முடியாது. அது குறுக்கீடு. வெறும் விபத்து என்றும் தள்ளிவிட முடியாது. மீந்த நிறத்தில், யாரும் கேட்காமல், யாருக்கும் காட்ட வேண்டிய தேவையில்லாமல் போட்டது அது ஒன்றுதான். பெண் பார்க்க வருபவர்களுக்கு எருமையைக் காட்ட முடியாது என்பது பாட்டிக்குத் தெரிந்திருக்கிறது. அதனால்தான் அதற்குச் சட்டம் இல்லை, பெட்டிதான். ஆனால் தூக்கிப் போடவும் இல்லையே! பாட்டி இருந்திருந்தால் கேட்டிருப்பேன்.

நான் எருமையை நடுக்கட்டத்தில் வைத்தேன். மகளிர் தினக் கண்காட்சியில் சுவரில் மாட்ட வேண்டும் என்பது என் திட்டம். சித்தி வந்து பார்த்தார். கட்டங்களின் வரிசையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. “திரும்பவும் செவுத்துலயா?” என்றார். பிறகு, “உள்ள பஞ்சு எப்ப வைக்கப்போற? மார்கழிக்குள்ள குடு, எனக்குக் குளிருது.”

கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எருமையைக் கொஞ்ச நேரம் தடவினார். கறுப்பு நூல் இருக்கிறதா என்று கேட்டார். என் கட்டுரைக்கு அந்த மூன்று கால் வேண்டும். அதை அவரிடம் எப்படிச் சொல்வது?

மேலவீதியில் ஒரு கண்டு ஆங்கர் நூல் வாங்கிவந்தேன். புதுக் கறுப்பு பழையதைவிடக் கொஞ்சம் கூடுதலாக மின்னுகிறது. ஊசியில் கோத்துக் கொடுத்தது என் மகள். குளம்பு வரைக்கும் வந்திருக்கிறது.