முடிவைப் பழித்தலும் முகத்தை மறைத்தலும்

பெண்ணாடத்தில் நம்மிடம் ஓதிய பிள்ளைகள் இன்று மாலை வேளைகளில் வாதிடுவது யாப்பைப் பற்றியன்று. வீடியோ கேம்களைப் பற்றி. எதன் காட்சி அழகு, எதன் முடிவு சப்பென்று போயிற்று என்பதே பேச்சு. பெற்றோர் இதனை வீண்பேச்சு என்பர். நாம் இதனைத் திறனாய்வு என்றே கொள்கிறோம்.

பூனாவில் உருவாகி 2020இல் வெளிவந்த 'ராஜி', அரக்கர் கவர்ந்து சென்ற தம்பியைத் தேடும் பெண்ணின் கதை. பஹாரி ஓவியங்களைத் தழுவிய அதன் காட்சிகளைப் புகழ்ந்தவர்களே, கதை திடுமென அறுந்துவிடுவதாகக் குறை கூறினர். இக்குறை நமக்குப் புதிதன்று. உமறுப் புலவரின் சீறாப்புராணமும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வை முற்றச் சொல்லாமலே நின்றது. பனீ அகுமது மரைக்காயர் புலவரை ஏசவில்லை. சின்னச் சீறா பாடி நிறைவு செய்தார்.

கனடாவின் பயோவேர் நிறுவனம் 2012இல் வெளியிட்ட 'மாஸ் எஃபெக்ட் 3' ஆட்டத்தின் முடிவுகள் நிறத்தில் மட்டுமே வேறுபடுகின்றன என்று குமைந்த ரசிகர்கள், சிவப்பு, பச்சை, நீலப் பூச்சிட்ட ஏறத்தாழ 400 சிறு கேக்குகளை அந்நிறுவனத்துக்கு அனுப்பினர். சுவை அனைத்திலும் ஒன்றே! காளமேகம் கண்டிருந்தால் மகிழ்ந்திருப்பார். அவ்வாண்டு ஜூனிலேயே விரிவாக்கிய முடிவு இலவசமாக வெளிவந்தது.

ஆனால் 2020இல் 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' இரண்டாம் பாகத்தை வெறுத்தோர் சிலர், அதில் நடித்துக் குரல் கொடுத்த லாரா பெய்லிக்குக் கொலை மிரட்டல் அனுப்பினர். கதையை எழுதியவர் அவரல்லர். எழுதியவரானாலும் இது தகுமா? அரபியில் திறனாய்வைக் குறிக்கும் 'நக்து' என்னும் சொல், நல்ல காசையும் கள்ளக் காசையும் பிரித்தறிவதையே முன்னர்க் குறித்தது. காசைச் சுண்டிப் பார்ப்பவன் கொடுத்தவனின் கழுத்தைப் பிடிப்பதில்லை.

தமிழகத்திலும் இத்தகைய கேடு வந்தது. 2020 செப்டம்பரில் தடை செய்யப்பட்ட பப்ஜியை ஆடியவாறே யூடியூபில் பெண்களை ஆபாசமாகப் பேசியதாக, 2021 ஜூனில் ஒருவர் தருமபுரியில் கைதானார். தம் முகத்தைக் காட்டாமலே பேசிய அவருக்குச் சிறுவர் உட்பட இலட்சக்கணக்கானோர் செவிகொடுத்திருந்தனர். ஹதீஸ் கலையில், இன்னாரென அறியப்படாத அறிவிப்பாளரை 'மஜ்ஹூல்' என்பர். அவர் அறிவிப்பைத் தனித்து ஆதாரமாகக் கொள்வதில்லை. நம் வீட்டுப் பெரியவர்களோ, பிள்ளை எத்தனை மணி நேரம் ஆடினான் என்று கேட்கிறார்கள். எவர் பேச்சைக் கேட்டபடி ஆடினான் என்று கேட்பதில்லை.