நீலியின் மரணமும் வாத்தியாரின் மனமாற்றமும்

ஜாதியைக் கண்டிக்கும் சினிமாப் படம் எதுவாயினும் அதை உடனே பாராட்டிவிடுவது நம்மவரிடையே வழக்கமாகிவிட்டது. அக்கண்டனத்திற்காக விலை கொடுப்பவர் யார் என்று எவரும் கேட்பதில்லை. 1954-இல் வெளிவந்த ‘நீலக்குயில்’ என்னும் மலையாளப் படத்தை முன்வைத்து நாம் அதைக் கேட்க விரும்புகிறோம்.

அதில் நீலியாக நடித்தவர் மிஸ் குமாரி. பரணங்கானத்தில் 1932-இல் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த திரேசியம்மா என்பாரே இவர். சிறிது காலம் பள்ளி ஆசிரியையாக இருந்தவர், 1949-இல் ‘வெள்ளிநட்சத்திரம்’ மூலம் திரைக்கு வந்தார். தமிழர் நன்கறிந்த நல்லதங்காள் கதை மறு ஆண்டு மலையாளத்தில் படமாகி, அவருக்குப் புகழ் தந்தது. மணமானபின் நடிப்பைத் துறந்தார். 1969-இல், தமது முப்பத்தேழாம் வயதில் மறைந்தார். முன்னாள் ஆசிரியை ஒருவர், ஆசிரியனால் கெடுக்கப்பட்ட பெண்ணாக நடித்தே நிலைபெற்றது விந்தையே!

புலையர் குலத்துப் பெண்ணாகிய நீலி, ஒரு மழையிரவில் ஸ்ரீதரன் நாயர் என்னும் வாத்தியார் வீட்டில் ஒதுங்குகிறாள். அவள் கருவுற்றதும் அவர் ஊருக்கு அஞ்சிக் கைவிடுகிறார். தன் இனத்தாராலும் விலக்கப்பட்ட அவள், இருப்புப் பாதையருகே குழந்தையை ஈன்று மாள்கிறாள். தபால்காரர் சங்கரன் நாயர் அக்குழந்தையை எடுத்து வளர்க்கிறார். பல்லாண்டுகளுக்குப் பின் வாத்தியார் மனந்திரும்பி மகனை ஏற்கிறார்.

பி. பாஸ்கரனும் ராமு காரியாட்டும் சேர்ந்து இயக்கிய இப்படம் குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்றது. அக்காலத்தில் இத்துணிவு சிறிதன்று. குமாரியின் நடிப்பிலும் மிகையில்லை.

நிற்க. வாத்தியார் ஏற்பது மகனை, நீலியை அன்று. இறந்தவள் வீட்டு வாயிலில் வந்து நில்லாள், பந்தியில் அமராள். ஆகவே அவர் சீர்திருத்தம் எளிதாகிறது. ஆணின் மனச்சாட்சி விழிப்பதற்குப் பெண்ணின் பிணம் வேண்டுமோ? படத்தில் மெய்யான சீர்திருத்தக்காரர், பிரசங்கம் செய்யாது பிள்ளையைத் தூக்கிய தபால்காரரே.

இன்னொன்றும் கருதத்தக்கது. மலையாளத்தின் முதற் படமாகிய ‘விகதகுமாரன்’ என்னும் மௌனப் படத்தில், புலையர் குலத்து பி. கே. ரோசி நாயர் பெண்ணாக நடித்தார். அதைப் பொறாத கூட்டத்தார் அவரை ஊரை விட்டே துரத்தினர். அவர் தமிழகத்தில் மறைந்து வாழ நேர்ந்தது. அவர் கலைவாழ்வு அந்த ஒரே படத்தோடு முடிந்தது. புலைச்சி நாயர்ப் பெண்ணாகத் தோன்றியபோது கல்லெறி. பிறர் புலைச்சியாகத் தோன்றியபோது பாராட்டு! இது குமாரியின் குற்றமன்று; பார்த்தவர் கண்ணின் குற்றம்.

வாத்தியாரை ஏசுவது எளிது. ஜொகூர்த் தோட்டமொன்றில் செக்ரோல் எழுதும் நாம், ஆங்கிலம் கற்றோம், சமத்துவம் பேசுகிறோம். ஆயினும், தெரிந்த ஒரு வீட்டில், “பையன் நல்லவன்தான், ஆனால் அவர்கள் வேறு ஆட்கள்” என்று ஒரு சம்பந்தம் தட்டப்பட்டபோது, நாம் தேநீர்க் கோப்பையைப் பார்த்தபடி வாளாவிருந்தோம். அன்று நாமும் ஸ்ரீதரன் நாயரே.

அன்பர்களே, படம் பார்த்துக் கண்ணீர் விடுவது சீர்திருத்தமாகாது. நீலி உயிரோடிருக்கும்போதே அவளுக்காகக் கதவைத் திறப்பதே சீர்திருத்தம்.