கொலையாளியை அறிந்தபின்

விடை தெரிந்தபின் துப்பறியும் கதையிற் சுவையில்லை என்பர். பி.பி.சி.யின் அறிவியற் புனைவுத் தொடரான 'டொக்டர் ஹூ'வில் 2008இல் ஒளிபரப்பான 'த யூனிகோர்ன் அன்ட் த வொஸ்ப்' என்னும் அங்கம் இக்கூற்றுக்கு விலக்காகும். 1926 டிசம்பரில் அகதா கிறிஸ்டி பதினொரு நாள் காணாமற்போன உண்மைச் சம்பவத்தை நகைச்சுவையாக்கும் இவ்வங்கத்தில், அவர் விருந்தினராகச் சென்ற மாளிகையொன்றிற் கொலைகள் நிகழ்கின்றன. கொலையாளி, குளவியுருக் கொள்ளவல்ல பாதிரியார். சீமாட்டி எடிசன் 1885இல் டில்லியில் வேற்றுலகத்தான் ஒருவன்மீது கொண்ட காதலாற் பிறந்து கைவிடப்பட்ட மகன்.

இதனை அறிந்து மீளப் பார்க்கையில் நம் கண் சந்திரகலாவிடமே நிலைக்கிறது. இந்தியாவிலிருந்து எஜமானியுடன் வந்து, அவளது இரகசியத்தை நாற்பதாண்டு காத்த பணிப்பெண் அவள். கூரையிலிருந்து தள்ளப்பட்ட கற்சிலை வீழ்ந்து சாகும்போதும் அக்குழந்தைக்கே இரங்குகிறாள். கதையோ அவளை அத்துடன் மறந்துவிடுகிறது. தொடர்நாயகன் விசாரிப்பதும் குடும்பத்தாரையும் விருந்தினரையும் மட்டுமே. ஐயப்படத்தக்க மாந்தர் என்ற தகுதிகூடப் பணியாளருக்கு இல்லை!

நகைச்சுவையே உண்மை பேசுமிடங்களும் உள. நடக்க வல்ல கேணல் முடவராக நடிக்கிறார். உயர்குலப் பெண்ணாக வேடமிட்ட திருடி, அகப்பட்டதும் உழைக்கும் மக்களின் லண்டன் பேச்சுக்கு மாறுகிறாள். மேன்மக்கள் எனப்படுவோரின் மேன்மையில் உச்சரிப்பின் பங்கு எத்துணை என்பது சிரிப்பினூடே வெளியாகின்றது. காதலன் ரொஜரை இழந்த ஏவலாளன் டேவன்போட் வெளிப்படையாகத் துயருறவும் இயலாது நிற்கும் கணத்தையும் ஆசிரியர் கரெத் றொபேட்ஸ் தவறவிடவில்லை. ஆயின் அதே ஆண்டு மே மாதம் பிரித்தானியாவை ஒன்பது நாள் உலுக்கிய பொது வேலைநிறுத்தம் பற்றி அம்மாளிகையில் ஒருவரும் வாய் திறப்பதில்லை.