லார்ட்ஸ் பந்தலும் கஹுஞ்சே வெயிலும்

2018 ஏப்ரலில், காவிரிப் போராட்டத்தின்போது சென்னை சூப்பர் கிங்ஸ் அணியின் சொந்த மைதான ஆட்டங்கள் புனேக்கு மாற்றப்பட்டது தேஹு ரோட்டுத் தமிழர்களுக்கு நன்றாக நினைவிருக்கும். சென்னையிலிருந்து தனி ரயிலில் ரசிகர்கள் வந்து இறங்கினார்கள். பக்கத்துக் கஹுஞ்சே அரங்கம் மஞ்சளாக மாறியது. சேப்பாக்கமே இங்க வந்துடுச்சு என்று நம்மவர்கள் பூரித்தார்கள். அதில் அவர்கள் அறியாத ஓர் உண்மையும் இருந்தது: இரண்டு அரங்குகளிலும் ஒரே கட்டடக் கலைஞரின் கைவண்ணம் உண்டு.

அவர் சர் மைக்கேல் ஹாப்கின்ஸ் (1935–2023). மனைவி பேட்டியுடன் சேர்ந்து 1976இல் நிறுவனம் தொடங்கினார். 1994இல் பிரிட்டனின் ராயல் தங்கப் பதக்கம் இருவருக்கும் சேர்த்தே வழங்கப்பட்டது. (கணவர் பெயரை மட்டும் சொல்லி நிறுத்துவோர் கவனிக்க!)

அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது 1987இல் லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் கட்டிய மவுண்ட் ஸ்டாண்ட். 1890களின் செங்கல் வளைவுகளை அவர் இடிக்கவில்லை. அதே வரிசையை நீட்டி, மேலே எஃகுத் தளங்களை எழுப்பி, உச்சியில் வெள்ளைத் துணிக்கூரையை விரித்தார். ஆங்கிலேயக் கிராமத்து ஆட்டங்களில் மைதான ஓரம் போடும் கூடாரத்தின் சாயல் அது. நமக்கோ அதைப் பார்த்தால் திருவிழாப் பந்தல்தான் ஞாபகம் வரும்.

அந்தப் பந்தல் 2011இல் சேப்பாக்கத்துக்கு வந்தது. பார்வையை மறைத்த பழைய தூண்கள் போயின. கம்பிவடங்கள் தாங்கும் வெண்கூரைகள் எழுந்தன. கடற்காற்று உள்ளே வர வழி பிறந்தது. அப்புறம் ஐ, ஜே, கே மாடங்கள் அனுமதித் தகராறில் பல வருஷம் பூட்டிக் கிடந்தன. அந்தப் பழியை வரைந்தவர்மீது போடுவது நியாயமில்லை.

2012இல் திறந்த கஹுஞ்சே அரங்கத்தை மட்டும் என்னால் முழு மனதோடு பாராட்ட முடியவில்லை. எட்டத்தில் மலைகள், கண்ணை உறுத்தாத அமைப்பு, எல்லாம் அழகுதான். ஆனால் இருக்கைகளில் பெரும் பகுதிக்குக் கூரையே கிடையாது. 2024 அக்டோபர் 24, நியூசிலாந்து டெஸ்டின் முதல் நாள். ரசிகர்கள் குடிநீர் இல்லாமல் வெயிலில் தவித்தார்கள். கிரிக்கெட் சங்கம் மன்னிப்புக் கேட்டது. தண்ணீர்த் தட்டுப்பாடு நிர்வாகத்தின் பிழை, சரி. தலைக்குமேல் நிழல் இல்லாதது யார் பிழை? செலவு என்று சிலர் சமாதானம் சொல்லக்கூடும். மேகமூட்டமே வழக்கமான லண்டனில் பார்வையாளருக்குப் பந்தல் போட்டவர், தக்காணத்து வெயிலில் அதைச் சிலருக்கு மட்டும் வைத்தது எனக்கு உறுத்துகிறது. லண்டன் ஒலிம்பிக்ஸுக்காக அவர் நிறுவனம் 2011இல் கட்டி முடித்த சைக்கிள் பந்தய அரங்கில், ஆறாயிரம் இருக்கைகளும் ஒரே கம்பிவலைக் கூரையின் கீழ்தான்.

பெரியவர்களையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பகல் ஆட்டத்துக்குக் கிளம்பும் குடும்பம், டிக்கெட் எடுக்கும்போது விலையைக் கேட்பதற்கு முன்னால் இன்னொன்றைக் கேட்டாக வேண்டியிருக்கிறது: நிழல் எந்தப் பக்கம்?