பக்கத்திலிருந்து திரைக்கு: தமிழ்ப் படக்கதை வாசிப்பில் சட்டகத்தின் நிலை

முன்னுரை

அச்சுப் படக்கதை டேப்லெட் திரைக்கு மாறுவதை இழப்பென்று கருதுவோர் உளர். வளர்ச்சியென்று கருதுவோரும் உளர். அச்சுப் பக்கமே படக்கதையின் மூல வடிவம் என்னும் எண்ணம் இரு தரப்பினர்க்கும் பொதுவானது. தமிழ்ப் படக்கதையின் வரலாறு இவ்வெண்ணத்தை முழுமையாக ஏற்க இடந்தரவில்லை. எவ்வகைப் படக்கதை திரையில் நிலைக்கிறது, எவ்வகை சிதைகிறது என்பதைத் தமிழில் வெளிவந்த ஆக்கங்களைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலின் துணி அச்சு முறை ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது.

பக்கம் உருவான விதம்

சிவகாசியிலிருந்து 1972இல் ‘இரும்புக்கை மாயாவி’யுடன் முத்து காமிக்ஸ் தொடங்கியது. 1984இல் மாடஸ்டி பிளைஸி கதையுடன் லயன் காமிக்ஸ் வெளிவந்தது. அதே ஆண்டில் தொடங்கிய ராணி காமிக்ஸ் ஜேம்ஸ் பாண்ட் கதைகளைத் தமிழ் வாசகரிடம் சேர்த்தது. இவற்றுள் பாண்ட் கதை 1958 முதல் டெய்லி எக்ஸ்பிரஸிலும், மாடஸ்டி கதை 1963 முதல் ஈவினிங் ஸ்டாண்டர்டிலும் நாளுக்கொரு கீற்றாக வெளிவந்தவை. சில சட்டகங்களே கொண்ட ஒரு கீற்று, தன் இறுதிச் சட்டகத்தில் மறுநாளுக்கான எதிர்பார்ப்பை விட்டுச்செல்லும். நூல்வடிவம் அக்கீற்றுகளை அடுக்கிப் பக்கமாக்கியது. ஆகவே இக்கதைகளில் பக்கம் என்பது ஓவியரின் திட்டமன்று. பதிப்பின் தேவையால் பிறந்த ஏற்பாடு. திரையில் இவற்றைக் கீற்றுக் கீற்றாகப் படிப்பவர் மூலத்தின் கால ஒழுங்கை நெருங்குகிறார் எனலாம்.

பிரெஞ்சு, பெல்ஜிய ஆல்பங்களின் நிலை வேறு. ஷார்லியே எழுதி ழான் ஜிரோ வரைந்த ‘ப்ளூபெரி’, தமிழில் ‘கேப்டன் டைகர்’ ஆனது. அதன் பக்கங்களில் அகன்ற பாலைநிலச் சட்டகமொன்றும் நெருக்கமான சிறு சட்டகங்கள் சிலவும் அருகருகே அமையும். இவ்வளவு வேறுபாடே கதையின் வேகத்தையும் தயக்கத்தையும் உணர்த்துகிறது. இங்குப் பக்கமே பொருளின் அலகு.

திரையின் சமன்பாடு

2010இல் ஐபேட் அறிமுகமான காலத்தில் காமிக்ஸாலஜி நிறுவனத்தின் ‘கைடட் வியூ’ முறை பரவலாகக் கவனம் பெற்றது. ஒரு தொடுகைக்கு ஒரு சட்டகம் திரையை நிரப்பும். சிறிய எழுத்தும் தெளிவாகத் தெரியும். ஆனால் பக்கத்தில் கையகலமாக இருந்த சட்டகமும் விரலகலமாக இருந்த சட்டகமும் திரையில் ஏறத்தாழ ஒரே முக்கியத்துவம் பெறுகின்றன. ஓவியர் அளவால் சொன்னது அழிந்துவிடுகிறது.

ஸ்காட் மெக்லவுட் 1993இல் வெளியிட்ட நூலில், இரு சட்டகங்களுக்கு இடையிலான வெற்றிடத்தை வாசகர் தம் கற்பனையால் நிரப்புவதே படக்கதையின் உயிர்நாடி என விளக்கினார். அவ்வெற்றிடத்தின் இருபுறமும் கண்ணுக்கு ஒருசேரப் புலப்படும்போதே ஒப்புநோக்கல் எளிதாகிறது. ஒன்று மறைந்து மற்றொன்று தோன்றினால், வாசகர் முன்னதை நினைவிலிருந்து மீட்க வேண்டும். வாசிப்பு திரைப்படக் காட்சியை நோக்கி நகர்கிறது. ஆயினும் திரைப்படத்தின் இயக்கம் அதற்கு வாய்ப்பதில்லை.

தமிழாக்கத்தில் மற்றுமொரு சிக்கல் உண்டு. ஒட்டுநிலை மொழியாகிய தமிழின் சொற்கள் நீளமானவை. ஆங்கிலத்திற்கோ பிரெஞ்சுக்கோ வரையப்பட்ட பேச்சுக்குமிழில் அவை எழுத்தளவைக் குறைத்தே அடங்குகின்றன. ஆகையால் தமிழ் வாசகர் சட்டகத்தைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டிய தேவை கூடுகிறது. பக்க அமைப்பின் இழப்பும் அந்த அளவுக்குக் கூடுகிறது.

பனியன், பக்கம், திரை

திருப்பூரில் குழந்தைகளுக்கான பின்னலாடைகளில் கார்ட்டூன் உருவங்கள் அச்சாகின்றன. திரை அச்சு முறையில் நிறத்துக்கொரு திரை வேண்டும். பெரும்பாலும் வெட்டிய முன்பாகத் துணியிலேயே அச்சிட்டுப் பின்னர்த் தைப்பர். இவ்வாறு அச்சாகும் உருவத்திற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. கதாபாத்திரம் கதையை விட்டுப் பிரிந்து வணிகச் சின்னமாகிறது. பக்கத்தில் அதே உருவம் பிற சட்டகங்களோடு உறவுகொண்டு கதையாகிறது. சட்டகம் சட்டகமாகக் காட்டும் திரை இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது: வரிசையை விட்டுவைக்கிறது, உறவை மறைக்கிறது. உருவம் எளிதில் ஊடகம் மாறும். கதைகூறல் அவ்வாறு மாறாது என்பதை இவ்வொப்பீடு புலப்படுத்துகிறது.

உடைமையும் பேணுதலும்

அச்சிதழ் கைமாறும். வெளியூர்த் தொழிலாளர் பலர் ஓரறையில் சேர்ந்து தங்கும் திருப்பூர் போன்ற நகரில், ஒருவர் வாங்கிய இதழை அறையிலுள்ள அனைவரும் படிக்க இயலும்; பின்னர் அது பழைய புத்தகக் கடைக்கும் செல்லும். மின்பதிப்பில் வாசகர் பெறுவது பெரும்பாலும் ஒரு கணக்குக்கு உட்பட்ட உரிமம் மட்டுமே. காமிக்ஸாலஜியை அமேசான் 2014இல் வாங்கியது; 2023 இறுதியில் அதன் தனிச்செயலி கிண்டிலோடு இணைக்கப்பட்டது. வாசிப்பு முறையை வாசகரல்லாத ஒருவர் மாற்றியமைக்க முடியும் என்பதற்கு இது சான்று.

மறுபுறம், மலிவுத் தாளில் அச்சான பழைய இதழ்கள் நொறுங்கி வருகின்றன. வாசகர்கள் வருடிப் பகிரும் படிகள் உரிமைச் சட்டத்துக்கு முரணானவை. ஆயினும் சில இதழ்களின் உள்ளடக்கம் அவற்றால்தான் எஞ்சக்கூடும். நூல்களைப் பொது நூலகங்களுக்கு அளிக்கக் கோரும் 1954ஆம் ஆண்டுச் சட்டம் அச்சு நூலை மனத்தில் கொண்டே எழுதப்பட்டது. திரைக்கென்றே பிறக்கும் தமிழ்ப் படக்கதையை எந்த நூலகம் எவ்வடிவில் காக்கும் என்ற கேள்வி, ஆய்வாளர்க்கு ஊடக மாற்றத்தைவிடவும் அவசரமானது.

முடிவுரை

நாளிதழ்க் கீற்றாகப் பிறந்த கதைகள் டேப்லெட் திரையில் பெரிதும் இழப்பின்றி வாழ்கின்றன. ஆல்பமாகப் பிறந்தவை முழுப்பக்கத்தை முதலில் காட்டி, வாசகர் விரும்பினால் மட்டும் சட்டகத்துக்குள் செல்லும் முறையில் வெளியிடப்பட வேண்டும். கொரிய வெப்டூன்கள் கீழ்நோக்கி நகரும் திரைக்கென்றே வரையப்பட்டு, சட்டகங்களுக்கு இடையிலான தொலைவையே காலமாக்கின. தமிழிலும் புதிய ஆக்கங்கள் திரையின் இலக்கணத்தை வரையும்போதே கருத்தில் கொள்ள வேண்டும். ஆகவே, அச்சா திரையா என்று வினவுவதற்கு முன்னர், ஓர் ஆக்கம் எந்த அலகில் சிந்திக்கப்பட்டது என வினவுவதே திறனாய்வின் முதற்பணி.