காலா இறந்தானா? – ஒரு தாராவித் திரைப்படத்தின் முடிவு

பா. இரஞ்சித்தின் 'காலா' (2018) திரைப்பட முடிவில் தாராவித் தலைவன் கரிகாலன் இறந்தானா என்னும் வினா எழுகிறது. மணிரத்னத்தின் 'நாயகன்' (1987) இவ்வினாவிற்கு இடமளிக்கவில்லை. அங்கு வேலு நாயக்கரின் சாவு வெளிப்படையாகக் காட்டப்படுகிறது. 'காலா'விலோ தலைவன் சுடப்படுகிறான்; பின்னர் தாராவி நிலத்திற்கு வரும் ஹரி தாதா, கரும்பொடி பறக்கும் கூட்டத்தில் காணும் முகங்களிலெல்லாம் அவனையே காண்கிறான். தாக்குதலுக்கு இணையாக இராமாயண வாசிப்பு அமைவதும் நோக்கத்தக்கது. வெட்ட வெட்ட முளைக்கும் இராவணன் தலைகளே அக்கூட்டத்தின் முகங்கள் எனலாம்.

கரிகாலன் பிழைத்தான் எனக் கொள்வாரும் உளர். ரஜினிகாந்த் என்னும் நட்சத்திரத்தின் சாவை வணிகத் திரைப்படம் வெளிப்படக் கூறத் தயங்குவது அவர்களுக்குத் துணையாகிறது. ஆயினும் பிழைத்தான் எனின் வெற்றி தனியொருவன் சாகசமாகச் சுருங்கும். மக்கள் வெறும் துணைவராவர். இறந்தான் எனின் நிலம் காக்கும் செயல் மக்களுடையதாகிறது. ஆதலின் பின்னதே பொருந்தும்.

தொல்காப்பியப் புறத்திணையியல் நடுகல்லுக்குக் காட்சி முதல் வாழ்த்து ஈறாகத் துறைகள் வகுக்கிறது. வீழ்ந்தவன் கல்லாக நின்று ஊர் காக்கும் மரபு அது. இங்கோ கல் நடப்படவில்லை. கல்லின் இடத்தில் மக்கள் நிற்கின்றனர். தாராவி மறுசீரமைப்புப் பணி 2023இல் அதானி குழுமத்திற்கு அளிக்கப்பட்ட பின்னர், இம்முடிவு திரைக்கு வெளியிலும் பொருள் பெறுகிறது.